கூப்பிடாமல் வந்த கிடை

அபிதகுசாம்பாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. போன மாதம் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்து, அவள் வயலில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்து, 'மண்ணுக்கு உயிர் கொடுத்த மங்கை' என்று வீடியோ போட்டிருக்கிறார்கள். பயோசார் என்கிறார்கள், மூடுபயிர் என்கிறார்கள். நடுவில், 'உள்ளூர் ஆடு வளர்ப்போரின் அன்பான ஒத்துழைப்போடு' என்று ஒரு வரி வருகிறது. ஆரணி பஜாரில் நான் கணக்கு எழுதும் பட்டுக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. அன்பான ஒத்துழைப்பாம்!

அந்த உள்ளூர் ஆடு வளர்ப்பவர் என் அப்பா பொன்னுசாமி. அவருக்கும் அவளுக்கும் நடுவில் அன்பு ஒரு நாளும் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. வீடியோக்காரர்களுக்கு அதெல்லாம் வேண்டாம். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். நான் பொன்னுசாமி மகள் அன்புச்செல்வி.

அபிதகுசாம்பாள் டவுன்காரி. பட்டு நெசவுக் குடும்பம். அவள் அப்பா மணவாளன் முதலில் தறியில் உட்கார்ந்து நெய்தவர், பிறகு ஆள் வைத்து நெய்யவைத்தவர், கடைசியில் சொந்தமாகக் கடை வைத்தவர். கையில் காசு சேர்ந்ததும், படவேடு போகிற சாலையில் எங்கள் ஊரை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டார். மகளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தார். அங்கே ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். தப்பு யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அவள் வாயைக் கேட்டவர்களுக்கு ஒரு யூகம் இருக்கும்.

பிறந்த வீட்டிலும் தம்பி ஹேமநாத்தோடு எந்நேரமும் சண்டை. மணவாளன் படுக்கையில் விழுந்தபோது, தன் மச்சான் சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு ஒரு ஏற்பாடு சொன்னார். கடை ஹேமநாத்துக்கு. நிலம், பட்டா அவன் பெயரிலேயே இருந்தாலும், அபிதா பயிர் வைக்கிற வரைக்கும் அவளுக்கு. என்றைக்கு அவள் அதைத் தரிசாகப் போடுகிறாளோ அன்றைக்கு நிலம் தம்பிக்குப் போய்விடும். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் தாய்மாமன் முன்னால் சொன்ன சொல்லை மீற அந்தக் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

ஹேமநாத் மீறவில்லை. வேறு வேலை செய்தான். அக்கா கைக்கு நிலம் போவதற்குள் மேல்மண்ணை மொத்தமாக வழித்து ஒரு செங்கல் சூளைக்கு விற்றுவிட்டான். அவள் வந்து பார்த்தபோது, வயல் இருந்த இடத்தில் மண்வெட்டி இறங்காத செவ்வல் தரைதான் கிடந்தது. தண்ணீர் பாய்ச்சினால் சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். உரம் போட்டால் அதுவும் தண்ணீரோடு போய்விடும். அவன் செய்தது பச்சை அயோக்கியத்தனம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு ஊரே சேர்ந்து கடப்பாரை பிடித்த மாதிரி அவள் எங்கள் எல்லோர் மேலும் பாய்ந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வந்த முதல் வாரத்திலேயே, வரப்பில் நடந்த மூன்று பேரைத் திருடன் என்று கூப்பிட்டாகிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நெல் அறுத்துக் கட்டு களத்துக்குப் போய்விட்டால், அடுத்த உழவு ஓட்டுகிற வரைக்கும் அந்த வயல் ஊர் ஆடுமாடுகளுக்குப் பொது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு சாண் நிலமில்லாத எங்கள் தெருக்காரர்கள் ஆடு வளர்க்க முடிகிறதென்றால் இந்த வழக்கத்தால்தான். அப்பா அந்த ஆடுகளை வைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்.

மேய்ச்சல் வேறு, கிடை வேறு. மூங்கில் படல்களைக் கொண்டுபோய் வயலில் நட்டு, ஆடுகளை அதற்குள் மடக்கி, விடியும்வரை அங்கேயே படுக்கவைத்தால் அது கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. அதற்கு நிலக்காரர் எங்கள் வீட்டுக்கு நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, வாய் திறந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாத வயலில் அப்பா படல் நட மாட்டார். வருஷம் முழுக்க எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காத பெரிய மனிதர்கள்கூட அந்த ஒரு நாள் தட்டும் கையுமாக எங்கள் வாசலில் நிற்பார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு மிதப்பு. எனக்கும்தான்.

அபிதகுசாம்பாள் யாரையும் கூப்பிடவில்லை. ஏரிக்கரையில் மண்டிக் கிடந்த வேலிகாத்தான் மரங்களை, சீமைக்கருவேலத்தைத்தான், வெட்டினாள். கோடையில் எங்கள் ஆடுகளுக்கு அதன் காய்தான் பாதி வயிறு, அதைப் பற்றி அவளுக்கு என்ன? வெட்டியதைக் காயவைத்து, அடியில் குறுகி மேலே அகன்ற குழி ஒன்று தோண்டி, அதில் போட்டு எரித்தாள். சாம்பலாவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றி அணைத்துக் கரியாக வாரினாள். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கிறதாம், அது தண்ணீரையும் சத்தையும் ஓடவிடாமல் பிடித்துவைக்குமாம். பயோசார் என்று செல்போனில் பார்த்திருக்கிறாள். ஊர் அவளுக்குக் கரிக்காரி என்று பெயர் வைத்தது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

கரியை வாரி வயல் பூராவும் இறைத்து, நடவும் நட்டாள். பயிர் மஞ்சளடித்து நின்றது. ஊறாத கரியை அப்படியே மண்ணில் போட்டால் அது முதலில் தன் வயிற்றைத்தான் நிரப்பிக்கொள்ளும். பயிருக்குப் போக வேண்டிய சத்தையெல்லாம் பிடுங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். சாணியிலோ மூத்திரத்திலோ நன்றாக ஊறவைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இதெல்லாம் இப்போது வீடியோவில் அவளே கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். அன்றைக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை. பொன்னுசாமி ஆடு மிதித்துத்தான் மண் கெட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அறுப்பு என்று பெயருக்கு ஏதோ அறுத்தாள். அறுத்த ஈரத்திலேயே கொள்ளும் காராமணியும் சணப்பும் கலந்து விதைத்துவிட்டாள். வெயிலில் மண் வெறுமனே கிடக்கக் கூடாதாம், மேலே எப்போதும் மூடுபயிர் என்று ஒரு போர்வை வேண்டுமாம். பூக்கிற நேரத்தில் அப்படியே மடக்கி உழுதால் மண்ணுக்கு எருவாம். இது அப்பாவுக்குத் தெரியாது. எப்போதும் போல ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் வரப்பைத் தாண்டிவிட்டார். அவள் கையில் கழியோடு ஓடி வந்தாள்.

"அறுத்த வயலு தானம்மா?" என்றிருக்கிறார் அப்பா.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? கொள்ளு நிக்குது, காராமணி நிக்குது. இது பயிரு. என் வயலு என்னிக்கும் தரிசு கெடையாது, தெரிஞ்சிக்கோ!"

"கொள்ள அறுத்து வூட்டுக்கு எடுத்துகினு போவியா?"

"இல்ல. மடக்கி உழுவேன். மண்ணுக்குன்னு போட்டது."

"மண்ணு துன்றத ஆடு துன்னா இன்னாம்மா?"

அவள் கழியை ஓங்கினாள். முன்னால் நின்றது கருப்பி, சினை ஆடு. வயிற்றிலேயே விழுந்தது அடி. பிறகு என் அப்பாவின் பிறப்பைப் பற்றியும் எங்கள் தெருவைப் பற்றியும் அவள் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த வாரமே கருப்பி செத்த குட்டி ஈன்றது. போலீஸுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன்.

"ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நான் நடந்துகினு இருந்தா ஆட்ட யாரு மேய்ப்பா? வுடு. ஆடே பாத்துக்கும்" என்றார் அப்பா.

பார்த்துக்கொண்டதுதான். மறுநாளிலிருந்து மந்தை முழுவதையும் அவள் வயலுக்கே ஓட்டினார். கிழக்கு வரப்பில் ஒரு புங்கமரம் உண்டு. அதன் நிழலில் அவள் மிச்சக் கரியைக் குவித்துவைத்திருந்தாள். வெயில் ஏறியதும் ஆடுகள் அதன் மேலேயே போய்ப் படுக்கும். வேண்டுமென்றே வெயில் தாழும்வரை அப்பா அங்கேயே உட்கார்ந்திருப்பார். அவள் வரப்பில் நின்று கத்துவாள். தொண்டை கட்டியதும் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனாள். அவர் காது குடைந்துகொண்டே, "அறுத்த வயல்ல ஆடு போறது ஊர் வழக்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிக்குழம்பு.

அந்தச் சம்பா நடவுக்கு முன்னால், ஆடு படுத்துக் கிடந்த கரிக்குவியலை வாரி அவள் கிழக்குப் பக்கம் இறைத்தாள். அங்கே நெல் கரும்பச்சையாக எழுந்தது. மற்ற இடமெல்லாம் பழையபடி மஞ்சள். ஊர் பார்த்தது, நாங்களும் பார்த்தோம், யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருக்கிறாள்.

அடுத்த அறுப்பு முடிந்ததும் அப்பா வேறு பக்கம் மேய்க்கலாம் என்றுதான் இருந்தார். போதும் இந்தப் பேஜாரு என்றுகூடச் சொன்னார். மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் ஒரே கூச்சல். அபிதகுசாம்பாள்.

"ஏய் பொன்னுசாமி! போன வருஷம் மாதிரி உன் ஆடு என் வயல்ல கால வெச்சுது, ஒண்ணு கூட உசுரோட திரும்பாது! சொல்லிட்டேன்!"

அப்பா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "தோ வரேன் பாரு. இவ சொல்லி நான் கேக்கணுமா?" என்று பட்டியைத் திறந்துவிட்டார். அந்தக் கோடை முழுக்க இதே கதைதான். இரண்டு நாள் அப்பா வராவிட்டால் அவள் தெருமுனைக்கு வந்துவிடுவாள். அப்பாவுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. வயல்காரியின் கண்ணெதிரே அவள் பயிரை மேய்ப்பது என்றால் சும்மாவா? சாயங்காலம் மீசையைத் தடவிக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்கு நான் சோறு எடுத்துக்கொண்டு போனேன். வேலியில் முள் அடைத்திருக்க வேண்டிய இடத்தில் முள்ளை யாரோ ஒழுங்காக இழுத்து ஒதுக்கிவைத்திருந்தார்கள். புங்கமரத்தடியில் இருந்த கல்தொட்டியில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. போன வருஷம் குவியலாகக் கிடந்த கரி, இந்த வருஷம் நிழல் விழுகிற இடம் முழுக்க மெத்தை மாதிரி பரத்திக் கிடந்தது. ஆடுகள் அதன் மேல் சொகுசாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

"அப்பா, தொட்டியில யாரு தண்ணி ரொப்புறது?"

"நான் வரும்போதே கீது. மோட்டாரு ஓடும்போது ரொம்பும்."

மோட்டார் கொட்டகை வயலின் அந்தக் கோடியில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே குழாயும் இல்லை, வாய்க்காலும் இல்லை. குடத்தில்தான் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

"இந்தக் கரி?"

"அவ எங்க வேணா கொட்டுவா. பைத்தியம்."

பைத்தியம் அவள் இல்லை. நான் அப்பாவிடம் போன வருஷத்துக் கிழக்குப் பக்க நெல்லைச் சொன்னேன், முள்ளைக் காட்டினேன், தொட்டியைக் காட்டினேன். ஆட்டு மூத்திரம் கரியில் ஊற வேண்டும். அதற்கு ஆடு வர வேண்டும். வரவைக்கத்தான் அவள் தெருமுனைக்கு வந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ நான் அவளுக்குக் கெடை போட்டுகினு கீறேனா? வெத்தல பாக்கு இல்லாம? கூப்புடாம?"

எழுந்து தொட்டியை எட்டி உதைத்தார். கல்தொட்டி, கால்தான் வலித்திருக்கும். ஆடுகளை எழுப்பி ஓட்டிக்கொண்டு நடந்தார். ஆடுகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. ஒரு தட்டு, நாலு வெற்றிலை, கொட்டைப்பாக்கு. அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்து வந்து, எங்கள் வாசலில் நின்று, கிடை போட வா என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க முடிந்தது. திட்டுவதற்குத் தெருமுனைவரை வர முடிந்தது. கேட்பதற்கு இன்னும் கொஞ்ச தூரம் நடக்க முடியவில்லை. எங்களிடம் கேட்டு வாங்குவதைவிட எங்களைக் கோபப்படுத்தி வாங்குவது அவளுக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. படவேட்டுப் பக்கம் மலையடிவாரத்துக்கு ஓட்டினார். அங்கே வனத்துறைக் காவலாட்கள் துரத்துவார்கள், தண்ணீர் கிடையாது. ஆடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவள் தெருமுனைக்கு வந்து கத்தினாள். அப்பா வெளியே கட்டில் போட்டு உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டு சிரித்தார். அவள் இன்னும் மோசமாகக் கத்தினாள். அப்பா இன்னும் நன்றாகச் சிரித்தார். யாரிடமாவது சாணி கேட்டு வாங்கலாம் என்று அவள் ஊரெல்லாம் அலைந்திருக்கிறாள். அவள் திட்டாத வீடு எது, சாணி கொடுக்க? அந்தச் சம்பாவில் பாதிக்கு மேல் மறுபடியும் மஞ்சள்.

ஆனாலும் அவள் விடவில்லை. அறுத்ததும் ஒரு விதைப்பு, சித்திரை மழைக்கு ஒரு விதைப்பு. கொள்ளும் காராமணியும் சணப்பும் ஆடி பிறக்கும்போது இடுப்பளவு எழுந்து பூவெடுத்து நின்றன. ஊர் வயல்களெல்லாம் பொட்டலாகக் கிடக்க, அது ஒன்று மட்டும் பச்சை. யாரும் மேய்க்கவில்லை. பொன்னுசாமியே போகாத வயலுக்கு நாம் எதற்கு என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் ஹேமநாத் வந்தான். எங்கள் தெருவுக்குள் அவன் கார் வந்தது அதுதான் முதல் தடவை. கீழே இறங்கினான், உட்காரவில்லை.

"பொன்னுசாமி, எங்கக்கா உன்னை இன்னா பேச்சு பேசினான்னு ஊருக்கே தெரியும். உனக்கு ஒரு சான்ஸ் தர்றேன். மொத ஆடி வெள்ளிக்கு எங்க மாமா படவேடு கோயிலுக்கு வர்றாரு. வழியில அவருக்கு வயலக் காட்டப் போறேன். அவர் பாக்கும்போது அதுல ஒரு பச்சை இருக்கக் கூடாது. மொட்டையா மேய்ச்சு வுட்ரு."

"அப்பால இன்னா பண்ணுவீங்க சார்?"

"இன்னா பண்ணுவாங்க? லே-அவுட்டுதான். ரோட்டு மேல கீது, ஜல்தியா போயிடும்."

அப்பா தலையைச் சொறிந்தார். "சரி சார்" என்றார்.

கார் போனதும் நான் அப்பாவிடம், "நல்லா மேய்ப்பா, வேரோட மேய்" என்றேன். கருப்பியின் குட்டி ஈரத்தோடு செத்துக் கிடந்ததை நான் பார்த்தவள். அவள் அந்த மண்ணை விட்டுப் போவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. நான் நல்லவள் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கு முன்னாலேயே அப்பா மந்தையை இறக்கிவிட்டார். அக்கம்பக்கத்து ஆடுகளையும் சேர்த்துக்கொண்டார். அவள் கழியோடு ஓடி ஓடிப் பார்த்தாள், எத்தனை ஆட்டை விரட்டுவாள்? வியாழக்கிழமை மதியம் அப்பா வீட்டுக்கு வந்து பரணிலிருந்து மூங்கில் படல்களை இறக்கினார்.

"மேய்க்கத்தான போற? படல் எதுக்கு?"

"நீ சும்மா இரு" என்று படல்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான். காலையிலேயே போய் வரப்பில் நின்றுகொண்டேன். வயலில் அடித்தட்டைகளைத் தவிர ஒன்றும் இல்லை. புங்கமரத்துப் பக்கம் படல் நட்டு, உள்ளே ஆடுகள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. அபிதகுசாம்பாள் நடு வயலில் நின்றுகொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து கத்தியதில் அவளுக்குக் குரலே போய்விட்டது. கையெல்லாம் கரி. பக்கத்து வயல்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் கிட்டப் போகவில்லை.

கார் வந்தது. தாய்மாமன் சிவப்பிரகாசம் வெள்ளை வேட்டியும் கையில் வெற்றிலைப் பையுமாக மெதுவாக இறங்கினார். ஹேமநாத் அவர் கையைப் பிடித்து வரப்பில் ஏற்றினான்.

"பாருங்க மாமா. ஒரு புல்லு பூண்டு உண்டா? தரிசு. அப்பா சொன்ன சொல்லு நீங்க கேட்டதுதான."

"மாமா, முந்தாநேத்து வரைக்கும் இடுப்பளவு நின்னுச்சு மாமா" என்று அவள் காற்றுக் குரலில் சொன்னாள். "இவன்தான் தூண்டிவுட்டு மேய வெச்சுட்டான். ஊர்ல யார வேணா கேளுங்க."

சிவப்பிரகாசம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒருவர் வானத்தைப் பார்த்தார், இன்னொருவர் செருப்பைப் பார்த்தார். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அங்கே யாரும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் படலுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைக் காட்டி, "நீ யாருப்பா? இங்க இன்னா பண்ற?" என்று கேட்டார்.

"கெடை போட்டு கீறேன் ஐயா. ஆடி உழவுக்கு எரு. கெடை போட்ட வயல தரிசுன்னு எங்கயாச்சும் சொல்வாங்களா?"

எனக்குக் காதில் விழுந்தது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஹேமநாத் முகம் சிவந்துபோய், "டேய், நான் உன்ன இன்னா சொன்னேன்?" என்று கத்தினான்.

"மொட்டையா மேய்க்கச் சொன்னீங்க சார். மேய்ச்சேன். கெடை போட வேணாம்னு நீங்க சொல்லலியே."

சிவப்பிரகாசம் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் பெரியவர் விவரம் தெரிந்தவர். நிலம் நீச்சு பார்த்தவர். "கெடைன்னா கூப்ட்டிருக்கணுமே? அபிதா, நீ கூப்ட்டியா?" என்றார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஆட்டைப் பார்த்தார்.

"கூப்ட்டேன்."

"வெத்தல பாக்கு வெச்சியா?"

"வெச்சேன்."

"வெச்சாங்களாப்பா?"

"இல்லீங்க ஐயா" என்றார் அப்பா.

ஹேமநாத் நிமிர்ந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா ரொம்ப நிதானமாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இன்னும் வெக்கல. இப்ப வெப்பாங்க."

அவள் மாமாவிடம் போனாள். அவர் வெற்றிலைப் பையை விரித்துக் காட்டினார். வெற்றிலையும் பாக்கும் எடுத்துக்கொண்டு, அடித்தட்டை குத்தக் குத்த, தம்பி பார்க்க, ஊர் பார்க்க அவள் அந்த வயலைக் கடந்து வந்தாள். அப்பா முன்னால் நின்று இரண்டு கையாலும் நீட்டினாள். வெற்றிலையில் கரி அப்பியிருந்தது. அப்பா வாங்கவில்லை.

"கூப்புடும்மா."

அவள் உதடு அசைந்தது.

"கேக்கல."

"என் வயல்ல கெடை போட வா, பொன்னுசாமி." குரல் இல்லாத தொண்டையிலிருந்து பிய்த்து எடுத்த மாதிரி வந்தது.

"கருப்பி குட்டி செத்துச்சே. ஞாபகம் கீதா?"

"கீது."

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பா வெற்றிலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "தரிசு இல்ல. வண்டிய எடு ஹேமநாத், கோயிலுக்கு நேரமாவுது" என்று சிவப்பிரகாசம் வரப்பில் இறங்கி நடந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அப்பாவோடு சண்டை போட்டேன். "அவ பேசின பேச்சுக்கு அவளப் போயி காப்பாத்தினியே!"

"யாரு, நானா? அவளையா?" அப்பா நின்று திரும்பினார். "பிளாட்டு போட்டு கல்லு நட்டான்னா அங்க நெல்லு உண்டா, அறுப்பு உண்டா? அப்பால ஆட்ட உன் பட்டுக்கடையிலயா மேய்க்கறது? அவ ஒரு கேடு. அவன் பெரிய கேடு. போடி, சோறாக்கு."

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு நடக்கிறது. அவள் விதைத்தது பூவெடுக்கிற வரைக்கும் ஆடு அந்தப் பக்கம் போகாது. பூவெடுத்ததும் அப்பா படல் நடுவார். மேய்ந்தது போக மிச்சத்தை மடக்கி உழுவாள். கரியைக் கிடைக்குள் பரத்தி, ஊறிய பிறகு வயலுக்கு வாருகிறாள். மண் இப்போது கறுத்துவிட்டது. கையில் பிடித்தால் பிட்டு மாதிரி உதிர்கிறது. மழை நின்று பல நாள் ஆனாலும் அடியில் ஈரம் இருக்கிறது. இதையெல்லாம் வீடியோவில் காட்டினார்கள், பொய் இல்லை. ஹேமநாத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிப்பதில்லை என்று கேள்வி.

ஒவ்வொரு வருஷமும் கிடைக்கு முன்னால் அவள் தட்டோடு எங்கள் தெருவுக்குள் வருகிறாள். வீடியோவில் அது இல்லை. தெருமுனையில் நிற்பதில்லை, வாசல்வரை வருகிறாள். அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவளும் சிரிக்க மாட்டாள். வெற்றிலையை வைத்துவிட்டு, கூப்பிட்டுவிட்டு, போகிறபோது குறுக்கே வருகிற ஆட்டை ஒரு வசவு திட்டிவிட்டுத்தான் போவாள்.

அந்தக் கோடையில் அவள் எங்கள் ஆடுகளுக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய தண்ணீர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயிலில் நடந்து வந்து, வியர்த்து, வாசலில் நிற்கிறவளுக்கு நான் இதுவரைக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் கொடுப்பேன்.